மாமாவின் காலை இட்லி

மூன்று வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை மாமா வீட்டுக்குப் போனேன். காலை ஒன்பதரை மணி. அத்தை அடுக்களையில் இட்லித் துணியைப் பிரித்துக்கொண்டிருந்தார். மாமா முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து, மஞ்சள் நிற மாத்திரைகளை ஒவ்வொன்றாகத் தண்ணீர் விட்டு விழுங்கிக்கொண்டிருந்தார்.

"சாப்டாச்சா மாமா?"

"பன்னெண்டு மணிக்குத்தான் சாப்பாடு. மூணு நாளா அப்படித்தான்."

அத்தை உள்ளேயிருந்தே சொன்னார்: "நான் சொன்னா கேக்கலம்மா. நீ சொல்லு."

மாமா கைபேசியை எடுத்து என்னிடம் நீட்டினார். சொந்தக்காரர் ஒருவர் அனுப்பிய ஃபார்வர்டு. பதினாறு மணி நேரம் பட்டினி கிடந்தால் ஆட்டோஃபேஜி என்ற வேலை தொடங்குமாம். உடம்பு தன்னிடமுள்ள கெட்ட செல்களைத் தானே தின்றுவிடுமாம். புற்றுநோய் செல்லும் அதில் போய்விடுமாம். இதைக் கண்டுபிடித்த ஜப்பான் விஞ்ஞானிக்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்களாம். கீழே அவர் படமும் இருந்தது. படத்தில் இருந்தவர் உண்மையிலேயே யோஷினோரி ஓசுமிதான். அதுதான் எனக்கு ரொம்ப வேதனையாக இருந்தது.

மாமாவுக்கு வயது 72. அம்மாவின் அண்ணன். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு மாதத்துக்கு முன் அவருக்கு ஏ.எம்.எல். என்று தெரிந்தது. எலும்பு மஜ்ஜையில் முதிராத வெள்ளணுக்கள், டாக்டர்கள் பிளாஸ்ட் என்று சொல்பவை, வளர்ந்து பக்குவப்படாமல் பெருகிக்கொண்டே போகும் இரத்தப் புற்றுநோய். மஜ்ஜையில் நூற்றுக்கு 20 பிளாஸ்ட் இருந்தாலே பொதுவாக ஏ.எம்.எல். என்று முடிவு செய்வார்கள். மாமாவுக்கு 58 இருந்தது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் என்பதால் ஏழு நாள் சைட்டராபின், மூன்று நாள் டானோரூபிசின் என்று போகும் பழைய கீமோவை அவர் உடம்பு தாங்காது என்றார்கள். அசாசிட்டிடின் ஊசியும் வெனடோகிளாக்ஸ் மாத்திரையும் கொடுக்கிறார்கள். அவர் அன்று வெறும் வயிற்றில் விழுங்கியது வெனடோகிளாக்ஸ்.

அந்த மாத்திரையைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். இது வயிறு எரியக் கூடாதே என்று சொல்லும் பொது அறிவுரை இல்லை. கொழுப்பு குறைந்த சாப்பாட்டோடு போட்டாலே, வெறும் வயிற்றில் போடுவதைவிட மூன்று மடங்குக்கு மேல் மருந்து இரத்தத்தில் ஏறும். நெய், எண்ணெய் சேர்ந்த சாப்பாடு என்றால் ஐந்து மடங்கு வரை. அப்படியென்றால் மூன்று நாளாக மாமாவின் உடம்புக்குள் போன மருந்து எவ்வளவு? அங்கேயே நின்று டாக்டரின் நர்ஸுக்குப் போன் போட்டேன். இன்றிலிருந்து சாப்பிட்ட உடனே போடுங்கள், விட்டதை ஈடுகட்டுகிறேன் என்று கூடுதலாகப் போட்டுவிடாதீர்கள், திங்கட்கிழமை இரத்தப் பரிசோதனைக்கு வந்துவிடுங்கள் என்றார். சரி.

அப்புறம் மாமா ஒரு கேள்வி கேட்டார். "அப்போ அந்த நோபல் பரிசு பொய்யா பாப்பா?"

பொய் இல்லை. இப்போது கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன் என்றாலும், அதற்கு முன் ஐந்து வருடம் ஏ.எம்.எல். செல்களை வளர்த்து, அவற்றுக்குள் நடக்கும் ஆட்டோஃபேஜியை அளப்பதுதான் என் வேலை. அந்த ஐந்து வருடத்தில் வீட்டில் ஒருவருக்கும் நான் என்ன செய்கிறேன் என்று உட்கார்ந்து விளக்கியதில்லை. நான் சொல்லாமல் விட்ட இடத்தில் அந்த ஃபார்வர்டு போய் உட்கார்ந்துகொண்டது. அன்று காலை மாமாவுக்குச் சொன்னதை, கொஞ்சம் விரித்து, இங்கே எழுதி வைக்கிறேன். இதேபோல் இன்னொரு வீட்டிலும் யாராவது மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கிக்கொண்டிருக்கலாம்.

ஆட்டோஃபேஜி என்ற பெயரை 1963-இல் வைத்தவர் பெல்ஜியத்தின் கிறிஸ்டியான் டி டூவ். செல்லின் செரிமானப் பையான லைசோசோமைக் கண்டுபிடித்ததும் அவர்தான். கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்குத் தன்னையே தின்னுதல் என்று பொருள். ஃபார்வர்டு தவறிப்போகும் முதல் இடமே இங்கேதான். ஒரு செல் இன்னொரு செல்லைத் தின்பதில்லை. ஒவ்வொரு செல்லும் தனக்குள்ளே பழுதான, தேவைக்கு மிஞ்சிய பாகங்களை ஒரு சவ்வால் பொதிந்து, லைசோசோமிடம் கொண்டுபோய், கரைத்து, அதிலிருந்து கிடைக்கும் சரக்கைத் தானே மறுபடி பயன்படுத்திக்கொள்கிறது. நல்ல செல் கெட்ட செல்லைத் தேடிப்போய் விழுங்கும் கதை இதில் எங்கேயும் கிடையாது.

ஓசுமி செய்த சோதனை எவ்வளவு அழகானது என்று மாமாவுக்குச் சொல்ல ஆசையாக இருந்தது, சொன்னேன். 1988-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சொந்த ஆய்வுக்கூடம் தொடங்கியபோது அவருக்கு வயது 43. ரொட்டி புளிக்க வைக்கும் ஈஸ்ட்டை எடுத்துக்கொண்டார். ஈஸ்ட்டுக்குள் செரிமானம் நடக்கும் பெரிய பை ஒன்று உண்டு. உள்ளே போகும் குப்பை உடனுக்குடன் கரைந்துவிடுவதால் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் செரிக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட்டாகத் தேர்ந்தெடுத்துப் பட்டினி போட்டார். சில மணி நேரத்தில் அந்தப் பை முழுக்கச் சின்னச் சின்ன உருண்டைகள் துள்ளிக்கொண்டிருந்தன. சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே தெரிந்தன. செரிக்காமல் குவிந்ததால் கண்ணுக்குப் பட்டது. 1992-இல் இது வெளிவந்தது. அடுத்த வருடமே இந்த வேலைக்குத் தேவையான 15 மரபணுக்களை அவர் குழு இனம்கண்டது. 2016-இல் நோபல் பரிசு.

"பட்டினி போட்டாத்தான நடந்துச்சு? அதைத்தான அவனும் சொல்றான்?" என்றார் மாமா. லைன்மேனாக இருந்தவர் இல்லையா, எந்தக் கம்பி எங்கே போகிறது என்று விடாமல் பார்ப்பார்.

பட்டினி போட்டதால்தான் நடந்தது. ஆனால் எதற்காக நடந்தது? அந்த ஈஸ்ட் சாகாமல் இருப்பதற்காக. வரவு நின்றுபோன வீட்டில் பழைய பாத்திரத்தை விற்று அரிசி வாங்குவது மாதிரி. இந்த வேலை எந்த செல்லுக்குள் நடக்கிறதோ அந்த செல்லைத்தான் காப்பாற்றும். அது லுகேமியா செல்லாக, அதாவது இரத்தப் புற்றுநோய் செல்லாக இருந்தால், லுகேமியா செல்லையும்.

மஜ்ஜைக்கு இது ரொம்ப முக்கியம். இரத்தம் முழுவதையும் உண்டாக்கும் தாய் செல்கள், ஸ்டெம் செல்கள், வாழ்நாள் முழுக்க நீடிக்க வேண்டியவை. செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் பழுதானதை அவ்வப்போது அகற்றாவிட்டால் அதிலிருந்து கசியும் நச்சு ஆக்சிஜன் மூலக்கூறுகள் டிஎன்ஏவைக் கெடுத்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு குழு எலியின் இரத்த செல்களில் ஏடிஜி7 என்ற ஆட்டோஃபேஜி மரபணுவை நீக்கிப் பார்த்தது. 2011-இல் அதன் முடிவு வெளியானது. ஸ்டெம் செல்கள் வேலை செய்யும் திறனை இழந்தன. மைட்டோகாண்ட்ரியா குவிந்தது, டிஎன்ஏ சேதமானது, மைலாய்டு என்ற வகை இரத்த செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகின, எலிகள் இறந்தன. பார்ப்பதற்கு ஏ.எம்.எல்.-க்கு முந்தைய படி மாதிரியே இருந்தது. 2015-இல் அதே வழியில் வந்த இன்னொரு ஆய்வு, நோயாளிகளின் பிளாஸ்ட் செல்களில் ஆட்டோஃபேஜி குறைவாக இருப்பதைக் காட்டியது. லுகேமியா உள்ள எலிகளில் ஆட்டோஃபேஜி மரபணுவின் இரண்டு பிரதியில் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டபோது நோய் இன்னும் மூர்க்கமாக வளர்ந்தது.

இதோடு நிறுத்தினால் ஃபார்வர்டு சொல்வது சரி என்றுகூடத் தோன்றிவிடும். ஆட்டோஃபேஜி குறைந்தால் புற்றுநோய், கூட்டினால் குணம் என்று. நானும் ஆய்வில் சேர்ந்த புதிதில் அப்படித்தான் நம்பினேன்.

நான் வளர்த்த செல்களில் ஒன்றின் பெயர் மோல்ம்-13. ஃபிளிட்-3 என்ற மரபணுவில் ஒரு துண்டு இரட்டித்துப்போன செல்கள் அவை. ஏ.எம்.எல். நோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இந்த மாற்றம் இருக்கும், நோய் திரும்பி வரும் ஆபத்தும் அவர்களுக்கு அதிகம். அந்த செல்களுக்கு சைட்டராபின் கொடுத்து, அப்புறம் எல்சி3 என்ற புரதத்தைப் பார்ப்பேன். குப்பையைப் பொதியும் சவ்வில் ஒட்டிக்கொள்ளும் புரதம் அது. செல்லை உடைத்து, புரதங்களை எடைப்படி பிரிக்க ஜெல்லில் ஓடவிட்டு, மெல்லிய தாள் போன்ற ஒரு சவ்வுக்கு மாற்றி, எல்சி3-ஐ மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியில் இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் இருட்டறையில் எக்ஸ்-ரே ஃபிலிம் வைத்துக் கழுவினால் இரண்டு கோடுகள் வரும். மேல்கோடு சும்மா இருக்கும் எல்சி3. கீழ்க்கோடு கொழுப்போடு சேர்ந்து சவ்வில் ஒட்டிய எல்சி3. எடை கூடியிருந்தும் ஜெல்லில் அதுதான் கீழே ஓடி நிற்கும். சிவப்பு விளக்கின் கீழே, கழுவும் திரவத்திலிருந்து ஃபிலிமைத் தூக்கும்போது கீழ்க்கோடு கருத்து வருவதைப் பார்த்தால் மனசு குதிக்கும். மருந்து கொடுத்த செல்லில் கீழ்க்கோடு தடித்திருந்தது. ஆட்டோஃபேஜி கூடிவிட்டது என்று நோட்டில் எழுதினேன்.

அதைப் பார்த்த எங்கள் பேராசிரியர் ஒன்றே ஒன்று கேட்டார். தெருமுனையில் குப்பை மலையாகக் குவிந்திருக்கிறது. வீடுகளிலிருந்து நிறையக் குப்பை வருகிறதா, இல்லை லாரி வரவில்லையா?

எனக்குப் பதில் தெரியவில்லை. பொதிகள் கூடுதலாக உண்டானாலும் கீழ்க்கோடு தடிக்கும். லைசோசோம் அடைத்துக்கொண்டு பொதிகள் தேங்கினாலும் தடிக்கும். இரண்டும் நேர் எதிரான செய்திகள். வித்தியாசம் தெரிய வேண்டுமானால், பாஃபிலோமைசின் என்ற மருந்தால் லாரியை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, கோடு இன்னும் தடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். தடித்தால் ஓட்டம் இருந்தது என்று பொருள். அதற்கு முந்தைய ஐந்து மாத ஃபிலிம்களைத் திரும்ப எடுத்து மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாகக் கேள்விக்குறி போட்டேன். எல்லாச் சோதனையையும் மறுபடி செய்தேன். அதிலிருந்து, ஆட்டோஃபேஜி கூடுகிறது என்று யார் சொன்னாலும் எப்படி அளந்தார்கள் என்பதைத்தான் முதலில் தேடுவேன். பதினாறு மணி நேரம் என்ற கணக்கோடு வரும் ஃபார்வர்டுகளைப் பார்க்கும்போது அந்த மேசைதான் ஞாபகம் வருகிறது. மனிதரின் மஜ்ஜைக்குள் எந்த மணிக்கு என்ன ஓடியது என்று அளந்தா எழுதினார்கள்?

சரி, மருந்துக்கு வருகிறேன். லுகேமியா செல் உருவாகும்போது ஆட்டோஃபேஜி ஒரு கடிவாளம் மாதிரி. உருவாகி, வளர்ந்து, அதன்மேல் மருந்து வந்து விழும்போது அதே ஆட்டோஃபேஜி அதற்குக் கேடயமாகிவிடுகிறது. 2016-இல் ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்திலிருந்து வந்த ஆய்வில், மனித ஏ.எம்.எல். செல்களில் அதே ஏடிஜி7-ஐ அடக்கியபோது சைட்டராபின் இன்னும் நன்றாகக் கொன்றது. அந்த செல்களைச் சுமந்த எலிகள் கூடுதல் நாள் வாழ்ந்தன. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு ஒன்று. மஜ்ஜையில் பிளாஸ்ட்டைச் சுற்றி, அதைத் தாங்கிப் பிடித்திருக்கும் துணை செல்கள் உண்டு. அவற்றிலும் சேர்த்து ஏடிஜி7-ஐ அடக்கினால் மருந்தின் பலன் இன்னும் கூடியது. அண்டை வீடும் சேர்ந்துதான் அதற்குச் சோறு போடுகிறது.

2018-இல் கொலராடோவில் ஏ.எம்.எல்.-இன் வேர் போன்ற ஸ்டெம் செல்களை ஆராய்ந்தார்கள். கீமோவில் தப்பித்து, பிறகு நோயைத் திரும்பக் கொண்டுவருபவை அவைதான். அவை மைட்டோகாண்ட்ரியாவைத் தின்னும் வேலையை, மைட்டோஃபேஜியை, நம்பியே தங்களைப் புதுப்பித்துக்கொள்கின்றன. ஃபிஸ்1 என்ற புரதத்தை எடுத்து அந்த வேலையைக் கெடுத்ததும், அவை பக்குவப்படத் தொடங்கி, பெருகும் திறனை இழந்தன.

மாமாவின் மாத்திரைக்கும் இதே கதை. செல்லைத் தற்கொலை செய்துகொள்ள விடாமல் மைட்டோகாண்ட்ரியாவின் வாசலில் காவல் நிற்கும் பிசிஎல்-2 என்ற புரதத்தைப் பிடித்து அகற்றுவதுதான் வெனடோகிளாக்ஸின் வேலை. காவல் போனதும் மைட்டோகாண்ட்ரியா ஓட்டையாகி செல் சாக வேண்டும். 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, மருந்துக்கு அசையாத ஏ.எம்.எல். செல்கள் என்ன செய்கின்றன என்று காட்டியது. சேதமான மைட்டோகாண்ட்ரியாவை மைட்டோஃபேஜியால் அவசர அவசரமாகத் தின்று, சாவு தொடங்கும் இடத்தையே அப்புறப்படுத்திவிடுகின்றன. அதற்கு உதவும் எம்எஃப்என்2 புரதம் மருந்துக்குக் கட்டுப்படாத நோயாளிகளிடம் அதிகமாக இருந்தது. மாமா எந்த வேலையைக் கூட்டலாம் என்று நம்பிப் பட்டினி கிடந்தாரோ, அந்த வேலை அவருடைய மாத்திரைக்கே எதிராகத் திரும்பக்கூடியது.

விரதத்தையே நேராகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2017-இல் டெக்சஸில், லுகேமியா உள்ள எலிகளை இடைவெளி விட்டு விட்டுப் பட்டினி போட்டார்கள். குழந்தைகளுக்கு அதிகம் வரும் ஏ.எல்.எல். வகை லுகேமியா அந்த எலிகளில் அடங்கியது. ஏ.எம்.எல். அடங்கவில்லை. எலியிலேயே இதுதான் நிலை. மனிதர் விஷயத்தில், கீமோவில் எடை இழந்து, வெள்ளணு இறங்கி, கிருமிக்குப் பயந்து வாழும் 72 வயதுக்காரரின் சாப்பாட்டில் கைவைக்க எனக்கு மனசு வராது.

"அப்போ அந்த வேலையை நிறுத்துற மருந்து குடுக்க வேண்டியதுதான?" என்றார் மாமா. நல்ல கேள்வி. மலேரியா மாத்திரையான குளோரோகுயினும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் லைசோசோமைக் கெடுத்து ஆட்டோஃபேஜியின் கடைசிப் படியை நிறுத்தும். சோதனைக் குழாயில் நன்றாகவே வேலை செய்கிறது. உடம்பிலோ நல்ல ஸ்டெம் செல்லுக்கும் அதே வேலை தேவை, அதை மேலே சொன்னேன். லுகேமியா செல்லில் மட்டும் நிறுத்தும் சாவி இன்னும் நம் கையில் இல்லை. அதனால் இதை யாரும் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது.

ஆட்டோஃபேஜி வெளிப்படையாக நம் பக்கம் நிற்கும் இடமும் ஏ.எம்.எல்.-இல் ஒன்று உண்டு. ஏ.பி.எல். என்ற உள்வகை. 15, 17 ஆகிய குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டு பிஎம்எல்-ராரா என்ற ஒட்டுப் புரதத்தை உண்டாக்கும், செல் பக்குவப்படாமல் அதுவே தடுக்கும். ஆர்சனிக் ட்ரையாக்சைடும், வைட்டமின் ஏ-யின் உறவான ஆட்ரா என்ற மருந்தும் அந்தப் புரதத்தை ஒழித்துக்கட்டுகின்றன. அந்த ஒழிப்பு வேலையில் ஆட்டோஃபேஜிக்கும் பங்கு உண்டு என்று 2010-இலிருந்து வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. நோயை உண்டாக்கிய புரதத்தையே பொதிந்து கரைத்துவிடுகிறது. ஆர்சனிக்கைச் சீனாவின் ஹார்பின் நகரத்தில் 1970-களில் பயன்படுத்தத் தொடங்கினார்கள். நம் வேலூர் சி.எம்.சி.யில் 1998 முதல் 2004 வரை 72 ஏ.பி.எல். நோயாளிகளுக்குக் கீமோவை முதன்மையாக வைக்காமல் ஆர்சனிக்கைக் கொண்டே சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 86 பேருக்கு நோய் அடங்கியது. விலை உயர்ந்த சிகிச்சைக்கு வழியில்லாத ஏழைகளுக்கு அது உயிர். வேலூரைப் பற்றிச் சொன்னதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எனக்கு அது ஆகாதா?" என்றார். அவருக்கு அந்தக் குரோமோசோம் மாற்றம் இல்லை. சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

அவருக்குத் தெரியாமல் எதையும் மறைப்பதில்லை என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். 2020-இல் வெளியான பெரிய ஆய்வில், அசாசிட்டிடின் மட்டும் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 9.6 மாதம், வெனடோகிளாக்ஸும் சேர்த்தவர்களுக்கு 14.7 மாதம். அவரே கேட்டுத் தெரிந்துகொண்ட கணக்கு அது. அந்த ஐந்து மாத வித்தியாசம் அந்த மஞ்சள் மாத்திரையில்தான் இருக்கிறது, அது சாப்பாட்டோடுதான் உள்ளே ஏறும். அத்தை இதைக் கேட்டதும் தட்டில் மூன்று இட்லியும் மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெயும் விட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

மாமா சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "நீ வளர்த்தேன்னு சொன்னியே, அந்த செல்லு, அது எங்கேருந்து வந்துச்சு?"

1995-இல் எடுத்தது, மாமா. இருபது வயதுப் பையன். நோய் திரும்பி வந்தபோது அவன் இரத்தத்திலிருந்து எடுத்து வளர்த்தார்கள். இன்று உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் அது வளர்கிறது.

"பேரு என்ன?"

"பேர் எழுத மாட்டாங்க மாமா. நம்பர் மட்டும்தான்."

இட்லியைப் பிட்ட கை அப்படியே நின்றது. ஐந்து வருடம் ஒன்றுவிட்டு ஒரு நாள் அந்த செல்களுக்குப் புது ஊட்டத் திரவம் மாற்றியிருக்கிறேன். வாரக் கடைசியிலும் போய் மாற்றியிருக்கிறேன். அந்தப் பையன் பெயரை நான் ஒருநாளும் யாரிடமும் கேட்டதில்லை.

"இருபது வயசு," என்றார் மாமா. அப்புறம் அத்தையைப் பார்த்து, இன்னொரு இட்லி வை என்று தட்டை நகர்த்தினார்.